நாலு மாசமா பீரியட் வரலைங்கறதுதான் எனக்குக் கவலை, நீர்க்கட்டி இல்ல

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு, பட்டர்வர்த்துல இருக்கோம், பிறையில ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. உயரம் 158 சென்டிமீட்டர், வெயிட் 92 கிலோ. கல்யாணமாகி மூணு வருஷம், குழந்தை இல்ல. பீரியட் ஒழுங்கா வராது, இப்ப நாலு மாசமா வரவே இல்ல. தாடையில முடி, கழுத்துல கறுப்பு. ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் நீர்க்கட்டின்னாங்க, ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா? வெறும் வயித்துல சீனி டெஸ்ட் 5.4 mmol/L, நார்மல்னுட்டாங்க. போற இடத்துல எல்லாம் வெயிட்ட கொறைச்சிட்டு வாங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. குண்டானதால இது வந்துச்சா, இது வந்ததால குண்டானேனா?

பதில்: மொதல்ல ஒரு யூரின் பிரெக்னன்சி டெஸ்ட் பண்ணிடுங்க மா. சிரிக்காதீங்க, பிசிஓஎஸ்தானேன்னு (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற இந்த ஹார்மோன் கோளாறு) அசால்ட்டா இருந்து நாலாவது மாசம் வயித்துல புள்ளையோட வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

ஆபரேஷன் பண்ணி எடுக்கறதுக்கு அங்க கட்டியே இல்ல. நீர்க்கட்டின்னு பேர் வெச்சதே தப்புன்னு எனக்கு ரொம்ப நாளா கோவம். ஸ்கேன்ல தெரியறது பாதி வளந்து அப்படியே நின்னுபோன முட்டைப் பைங்க, ஒவ்வொண்ணும் 2ல இருந்து 9 மில்லிமீட்டர்தான். மாசாமாசம் அதுல ஒண்ணு பெருசாகி வெடிச்சு முட்டை வெளிய வரணும், உங்களுக்கு அது நடக்கல, அவ்வளவுதான்.

ஏன் நடக்கலங்கறதுக்குப் பதில் உங்க கடைசி கேள்வியிலதான் இருக்கு, குண்டானதால இதா, இதனால குண்டானதான்னு. ரெண்டும்தான் மா, ஒண்ணு இன்னொண்ண தள்ளிவிட்டுகிட்டே போகும். வயித்த சுத்தி கொழுப்பு சேர்ந்தா உடம்பு இன்சுலின் பேச்ச சரியா கேக்காது, அப்ப கணையம் இன்னும் கூடுதலா இன்சுலின் விடும், அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பைல போய் டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன அதிகமா செய்ய வைக்கும். அது போதாதுன்னு ஈரல்கிட்டயும் போய், டெஸ்டோஸ்டிரோன கட்டி வைக்கிற ஒரு புரதத்த கொறைச்சிடும். கட்டுல இருந்து அவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன்தான் தாடையில முடியாவும் முகத்துல பருவாவும் வர்றது, அதேதான் கொழுப்ப மறுபடி வயித்துப் பக்கமா சேக்குது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அதனால எல்லாம் நீங்க தின்னதாலதான்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஆனா வெயிட் கூடக்கூட இந்தச் சுத்து வேகமாகும், அத நான் மறைக்க மாட்டேன். கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்ல, தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக்காதீங்க, இன்சுலின் அதிகமா ஓடுதுன்னு தோல் காட்டிக்குடுக்கற அடையாளம் அது.

இப்ப என் கவலைக்கு வர்றேன். கொழுப்பும் சும்மா இருக்காது, அந்த ஆண் ஹார்மோன எடுத்து ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனா மாத்தும். முட்டை வெளிய வரலைனா புரொஜெஸ்டிரோன்ங்கற இன்னொரு ஹார்மோன் சுரக்காது, அது இல்லைனா கர்ப்பப்பை உள்சுவர் ஈஸ்ட்ரோஜன மட்டும் வாங்கி தடிச்சுகிட்டே போகும், கழண்டு வராது. வருஷக்கணக்கா இப்படியே விட்டா அந்தச் சுவர்ல புத்துநோய் வர்ற வாய்ப்பு கூடுது. பயப்படாதீங்க, உங்க வயசுல அது அபூர்வம், ஆனா பீரியட் வரலைனா தொல்லை விட்டதுன்னு சும்மா இருக்கறது தப்பு. மூணு மாசத்துக்கு மேல வரலைனா, கர்ப்பம் இல்லன்னு உறுதியானதும், சில நாள் புரொஜெஸ்டிரோன் மாத்திரை குடுத்து வரவைப்பாங்க, உள்சுவர் தடிப்பையும் ஸ்கேன்ல அளப்பாங்க.

அடுத்தது அந்த 5.4. நல்லதுதான், ஆனா பாதிக் கதை. பிசிஓஎஸ்ல பல பேருக்கு வெறும் வயித்து சீனி நார்மலா இருந்தாலும், சாப்பிட்ட பிறகு ஏறலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கற டெஸ்ட்தான் உங்களுக்கு வேணும். அது 7.8க்குக் கீழ இருந்தா சரி, 7.8 தாண்டினா எச்சரிக்கை, 11.1 தொட்டா இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி). 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியப் பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதுலயும் நம்ம இந்தியர்கள்தான் முன்னால. அதோட கொலஸ்ட்ரால் (டிரைகிளிசரைட் கூடி நல்ல கொலஸ்ட்ரால் கொறைஞ்சிருக்கலாம்), பிரஷர், ஈரல் டெஸ்ட், தைராய்டு, புரோலேக்டின் எல்லாம் பாக்கச் சொல்லுங்க. குறட்டை விடறீங்களான்னு வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, தூக்கத்துல மூச்சு அடைக்கறது பிசிஓஎஸ் உள்ளவங்களுக்கு அதிகம்.

வெயிட் விஷயம். உங்க பிஎம்ஐ (உயரத்துக்கு வெயிட் எவ்வளவுங்கற கணக்கு) 37 கிட்ட, ஆசியர்களுக்கு 27.5க்கு மேலயே ஒபிசிட்டின்னு எடுத்துக்கறோம். ஆனா உங்கள 55 கிலோவுக்கு வரச் சொல்லப்போறதில்ல. 5 சதவீதம், அதாவது நாலரை கிலோ கொறைஞ்சாலே பல பேருக்கு பீரியட் தானா திரும்புது. நைட் ஷிஃப்ட் பிரேக்ல மைலோ அய்ஸ், விடிஞ்சதும் மாமாக்ல தே தாரிக்கும் ரொட்டி சனாயும்னா, மொதல்ல அந்த ரெண்டு தண்ணியில கைய வைங்க. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) கேளுங்க, ரெண்டு வாரம் கசக்கும் அப்புறம் பழகிடும். தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியெல்லாம் இப்பவே ஏற வேணாம், சோறு தின்னதும் ஒரு இருபது நிமிஷம் நடங்க. ஆன்லைன்ல விக்கிற ஸ்லிம்மிங் காப்பி மட்டும் வேணவே வேணாம், சிபுட்ராமின்ங்கற தடை பண்ணின மருந்து கலந்த சரக்க சுகாதார அமைச்சே எத்தனையோ தடவை புடிச்சிருக்கு.

மருந்துன்னா மெட்ஃபார்மின் இன்சுலின் பக்கம் உதவும், ஆரம்பத்துல வயித்தால போகும், அதனால கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துவாங்க. குழந்தைக்கு, முட்டை வெளிய வர லெட்ரோசோல்தான் மொதல் மாத்திரை, ஸ்பெஷலிஸ்ட் பார்வையிலதான் சாப்பிடணும். முடிக்குக் குடுக்கற ஸ்பைரோனோலாக்டோன குழந்தைக்கு முயற்சி பண்றப்ப தொடவே கூடாது. ஃபோலிக் ஆசிட் இன்னிக்கே ஆரம்பிக்கலாம், வீட்டுக்காரருக்கும் விந்து டெஸ்ட் எடுக்கணும், மூணு வருஷமா நீங்க மட்டும்தான் குத்துவாங்கிட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) ஒரு வெள்ளியோட போங்க, ஸ்கேன் ரிப்போர்ட்டும் கடைசி மூணு பீரியட் தேதியும் எழுதி எடுத்துக்கோங்க. இந்தத் தடவையும் வெயிட்ட கொறைச்சிட்டு வாங்கன்னு அனுப்பப் பாத்தா, நாலு மாசமா வரல, ரெண்டு மணி நேர சீனி டெஸ்ட் வேணும், கைனி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு லெட்டர் வேணும்னு உக்காந்த இடத்துலயே கேளுங்க மா.