சேர்ந்து 38 நாள்ல வேலைய விடலாமா? "மூணு மாசம் பொறுங்க"ன்னு சொல்றது யாரு?

கேள்வி: சார், பழைய வேலைய விட்டுட்டு இங்க சேர்ந்து 38 நாள் ஆகுது. ரிப்போர்ட் தயார் பண்ற வேலைன்னு சொல்லித்தான் எடுத்தாங்க, ரெண்டாவது வாரத்துலேர்ந்து கஸ்டமர் கம்ப்ளைன்ட் கால் எடுக்கச் சொல்லிட்டாங்க. மேனேஜர் ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போடுவார், காலைல பதில் போட்டா எல்லார் முன்னாடியும் ஏன்னு கேப்பார். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தப் பிசையுது, தூக்கமே வரல. விடலாம்னா, வேலை வாங்கிக்குடுத்த கன்சல்டன்சிக்காரர் மூணு மாசமாவது தாங்குங்க, இல்லன்னா பிளாக்லிஸ்ட் ஆயிடுவீங்க, எங்கயும் கிடைக்காதுங்கறார். ஜாயினிங் போனஸ் வேற வாங்கிட்டேன். என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த மூணு மாசத்த எடுத்துக்குறேன், ஏன்னா நீங்க எழுதுனதுல உங்கள ரொம்ப பயமுறுத்துறது அதுதான்னு தெரியுது.

நான் பல வருஷம் ஆள் எடுக்குற பக்கத்துல உக்காந்திருந்தவன், கன்சல்டன்சி பில்லெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அந்த ஒப்பந்தத்துல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், நாங்க அனுப்புன ஆள் 60 நாளோ 90 நாளோ முடியறதுக்குள்ள போயிட்டா வேற ஆள் சும்மா தருவோம் இல்ல வாங்குன கமிஷன திருப்பித் தருவோம்னு. ரீப்ளேஸ்மென்ட் கேரண்டின்னு சொல்வாங்க. இப்ப புரியுதா அந்த மூணு மாசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு? உங்க மனசுக்கும் உடம்புக்கும் போட்ட கணக்கு இல்ல அது, அவரோட கமிஷன் பத்திரமாகுற தேதி. 38-வது நாள் நீங்க போனா அவருக்கு நஷ்டம், 91-வது நாள் போனா ஒண்ணும் இல்ல, சில பேர் அந்த 91-வது நாள் தாங்களே போன் பண்ணி வேற கம்பெனியில நல்ல இடம் இருக்கு வர்றீங்களான்னு கேப்பாங்க, இதையும் நான் கண்ணால பாத்திருக்கேன். எல்லா கன்சல்டன்சியும் இப்படி இல்ல, நேர்மையா உங்க பிரச்சனைய எடுத்துட்டு போய் கம்பெனிகிட்ட பேசிக்குடுக்குறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்க பிளாக்லிஸ்ட்ங்கற வார்த்தைய எடுக்க மாட்டாங்க.

அந்த பிளாக்லிஸ்ட் என்னன்னா, அவரோட கம்ப்யூட்டர்ல இருக்குற அவரோட லிஸ்ட், அவ்ளோதான். உங்க கம்பெனியும் தன் ரெக்கார்டுல இவங்கள திரும்ப எடுக்கலாமா வேண்டாமான்னு குறிச்சு வைக்கும், அது நீங்க எப்படிப் போனீங்கங்கறத பொறுத்தது. ஒழுங்கா எழுதிக்குடுத்து நோட்டீஸ் நாள முடிச்சுட்டுப் போனா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போறத நிறுத்திட்டு போன எடுக்காம இருந்தாத்தான் கெட்ட குறிப்பு விழும், நல்ல பசங்க நிறைய பேர் பயத்துல இதத்தான் செய்றாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க.

இன்னொண்ணு, அவர் உங்ககிட்ட காசு ஏதாவது வாங்கினாரா? ஒரிஜினல் சர்டிபிகேட், பாஸ்போர்ட் எதாச்சும் யார்கிட்டயாவது குடுத்து வச்சிருக்கீங்களா? நீங்க எழுதல, அதனால கேக்குறேன். ஐ.எல்.ஓ.ன்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-ல கொண்டுவந்த 181-ம் எண் உடன்படிக்கையில, வேலை தேடுறவங்ககிட்ட ஏஜென்சி கட்டணம் வாங்கக்கூடாதுங்கறதுதான் பொது விதி, நேராவோ சுத்தி வளைச்சோ எந்தச் செலவையும் அவங்க தலையில கட்டக்கூடாது. எல்லா நாடும் அதுல கையெழுத்து போடல, போட்ட இடத்துலயும் விதிவிலக்கு உண்டு, ஆனா உங்ககிட்ட வாங்கினா அது இயல்பான விஷயம்னு மட்டும் நினைக்காதீங்க. அடையாள பத்திரங்கள பிடிச்சு வைக்கிறத கட்டாய வேலையோட அறிகுறிகள்ல ஒண்ணாவே அதே அமைப்பு சொல்லுது. அப்படி எதாவது நடந்திருந்தா கீழ நான் சொல்ற ரெண்டு வாரக் கணக்கெல்லாம் உங்களுக்கு இல்ல, நேரா தொழிலாளர் அலுவலகத்துக்கோ வக்கீல்கிட்டயோ போங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். புது வேலைன்னா கஷ்டமாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, அதுல பாதி உண்மை. வேலை மாறின உயர்நிலை மேனேஜர்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து 2005-ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, மாறின உடனே திருப்தி மேல ஏறுது அப்புறம் இறங்கிடுதுன்னு அதுல தெரிஞ்சுது. அதனால மனசு இறங்கிடுச்சுங்கறத மட்டும் வச்சு விடாதீங்க. என்ன காரணத்தால இறங்கியிருக்குன்னுதான் பாக்கணும்.

புதுசுங்கறதால வர்ற கஷ்டம் வாரா வாரம் கொஞ்சமாவது குறையும். முதல் வாரம் ரெண்டு மணி நேரம் எடுத்த வேலை நாலாவது வாரம் ஒரு மணி நேரத்துல முடியும், யார்கிட்ட எதக் கேக்கணும்னு தெரிஞ்சுடும். உங்களுக்கு அப்படி நடக்குற மாதிரி தெரியல, ஏன்னா கத்துக்க வேண்டிய வேலையவே உங்க கையில குடுக்கல. வேலை அதிகமா இருக்கறதும், அந்த வேலைய எப்போ எப்படி செய்றதுங்கறதுல நமக்கு ஒரு பேச்சும் இல்லாம போறதும், இது ரெண்டும் சேரும்போதுதான் ஆள ரொம்ப அரிக்கும்னு, வேலையால வர்ற மன அழுத்தத்த ஆராய்ஞ்ச ராபர்ட் கராசெக்ங்கறவர் 1979-லயே எழுதினார். கால் அடுத்தடுத்து வருது, ராத்திரி 11 மணி மெசேஜும் உங்க கையில இல்ல, அப்ப வயித்தப் பிசையாம என்ன பண்ணும்? உங்ககிட்ட தெம்பு இல்லாததால வந்ததுன்னு நினைக்காதீங்க. தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா டாக்டர பாருங்க, வேலைய விடுறதா இருந்தாலும் இருக்கறதா இருந்தாலும் அது வேணும்.

எனக்கு உண்மையிலேயே பொறுக்காத விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். வேலையோட கஷ்டத்த முன்னாடியே சொல்லி எடுத்தா ஆள் நிலைச்சு நிப்பாங்கன்னு 1956-லயே இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு வந்தவங்ககிட்ட உண்மைய எழுதின சின்ன புத்தகம் குடுத்துப் பாத்து காட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் ரிப்போர்ட்டுன்னு சொல்லி எடுத்துட்டு கால் எடுக்க விடுறாங்க, ஆள் போனா இந்தக் காலத்துப் பசங்களுக்கு பொறுமை இல்லன்னு மீட்டிங்ல பேசுறாங்க. அந்த மீட்டிங்ல நானும் இருந்திருக்கேன், வேலை விளம்பரத்த எழுதினது யாருன்னு அங்க ஒருத்தரும் கேக்கல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கடந்த அஞ்சு வாரத்துல எத்தன நாள் ரிப்போர்ட் வேலை பண்ணீங்க, எத்தன நாள் கால் எடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. அத வச்சு மேனேஜர்கிட்ட நேர்ல பேசுங்க, ஸ்ட்ரெஸ்ஸா இருக்குன்னு ஆரம்பிக்காதீங்க, அப்படி சொன்னா லீவு எடுங்க யோகா பண்ணுங்கன்னு முடிச்சுடுவாங்க. "என்னைய ரிப்போர்ட் வேலைக்குத்தான் எடுத்தீங்க, 38 நாள்ல 6 நாள்தான் அது பண்ணியிருக்கேன், எந்தத் தேதியிலேர்ந்து அந்த வேலைக்கு மாத்துவீங்க?"ன்னு கேளுங்க, 6-ங்கறது உதாரணத்துக்கு, உங்க எண்ண போட்டுக்குங்க. ராத்திரி மெசேஜுக்கு காலைல முதல் வேலையா பதில் போடுறேன்னு அப்பவே சொல்லிடுங்க. பேசின அன்னிக்கே, பேசினத நாலு வரியில மெயிலா போடுங்க. தேதி குடுத்தா ரெண்டு வாரம் பாக்கலாம். தேதி குடுக்காம பாத்துக்கலாம்னு சொன்னா, இல்ல மெயில் போட்டதுக்கு கோவப்பட்டா, உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு. அதுக்கப்புறம் தொண்ணூறாவது நாள் வரைக்கும் அங்க உக்காந்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது, வேற வேலை தேட ஆரம்பிங்க, கையில சில மாசத்துக்கு பணம் இருந்தா விட்டுட்டே தேடலாம், இல்லன்னா அங்க இருந்துகிட்டே தேடுங்க.

ஜாயினிங் போனஸ் விஷயம் கொஞ்சம் நின்னு பாக்கணும், இங்கதான் நிறைய பேர் வாங்காத காசையும் சேத்துக் கட்டுறாங்க. ஆஃபர் லெட்டர்ல போனஸ பத்தி எழுதியிருக்குற வாக்கியத்த எடுத்துப் படிங்க. எத்தன மாசத்துக்குள்ள போனா திருப்பித் தரணும், முழுசாவா இல்ல இருந்த மாசத்துக்கு கழிச்சுக்கிட்டு மீதியா, இது ரெண்டும் முதல்ல. அப்புறம் வருமான வரி. நூறுன்னு போட்டு இருபது வரி பிடிச்சு எண்பதுதான் உங்க கணக்குல விழுந்திருக்கும், திருப்பிக் கேக்கும்போது நூறு கேப்பாங்க, அந்த இருபது உங்க கைக்கே வரலயே? அதே வரி வருஷத்துக்குள்ள போனீங்கன்னா பல இடத்துல சம்பளப் பிரிவே கடைசி கணக்குல அத சரி பண்ண முடியும், வருஷம் தாண்டிட்டா நீங்கதான் வரி ஆபீஸ்கிட்ட போராடணும். அதனால ராஜினாமா குடுக்குறதுக்கு முன்னாடியே, எவ்ளோ திருப்பித் தரணும் பிடிச்ச வரிய எப்படி சரி பண்ணுவீங்கன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. தவணையா கட்டலாமான்னும் கேளுங்க, கேட்டவங்களுக்கு குடுத்திருக்காங்க. கன்சல்டன்சிக்காரர் தன்னோட கமிஷனையும் நீங்கதான் கட்டணும்னு சொன்னா, அது அவருக்கும் கம்பெனிக்கும் நடுவுல உள்ள விவகாரம், நீங்க எதுலயும் கையெழுத்து போடலன்னா கட்ட வேண்டியதில்ல.

நோட்டீஸ் நாளும் லெட்டர்லயே இருக்கும், புரொபேஷன்ல, அதாவது வேலை நிரந்தரம் ஆகுறதுக்கு முன்னாடி பாத்துக்குற காலத்துல, பெரும்பாலும் கம்மியா இருக்கும், புரொபேஷன்ங்கறது கம்பெனி உங்கள பாக்குறதுக்கு மட்டும் இல்ல, நீங்களும் அவங்கள பாக்குறதுக்குத்தான்.

ரெஸ்யூமேல இந்த ஒண்ணரை மாசத்த போடணும்னு கட்டாயம் இல்ல, ஆனா எல்லா வேலையும் எழுதுங்கன்னு ஃபார்ம்ல கேட்டிருந்தா மறைக்காதீங்க, அப்புறம் செக் பண்ணும்போது மாட்டினா ஒண்ணரை மாசத்த விட அந்த மறைப்புதான் பெருசா தெரியும். இன்டர்வியூல கேட்டா ரெண்டு வாக்கியம் போதும்: ரிப்போர்ட் வேலைக்கு எடுத்தாங்க, வேற வேலைக்கு மாத்திட்டாங்க, பேசிப் பாத்தேன், அது மாறாதுன்னு தெரிஞ்சதும் முறையா விட்டுட்டேன். மேனேஜரப் பத்தி ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்புறம் நீங்க கேளுங்க, சேர்ந்தா முதல் மாசம் தினமும் நான் என்ன பண்ணுவேன், ஆபீஸ் நேரம் முடிஞ்சு மெசேஜ் வருமான்னு, அதையும் கன்சல்டன்சிக்காரர்கிட்ட கேக்காதீங்க, யாருக்குக் கீழ வேலை பாக்கப் போறீங்களோ அவர்கிட்டயே கேளுங்க.