மெக்கானிக்கல் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அரசுத் தேர்வா, கம்பெனி வேலையா, கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ.யா என்று முடிவெடுக்க முடியவில்லை. என்ன செய்வது?

நானும் மெக்கானிக்கல்தான், 2013-ல் முடித்தேன். அடுத்த இரண்டு வருடம் எனக்கும் இப்படித்தான் போனது. காலையில் கேட் புத்தகத்தில் தெர்மோடைனமிக்ஸ், மதியத்துக்கு மேல் குரூப் 2-க்காக ஏழாம் வகுப்பு சமச்சீர் சமூக அறிவியல், ராத்திரி ரெஸ்யூம் திருத்துவது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வீட்டில் யார் கேட்டாலும் "படிச்சிட்டிருக்கேன்" என்று ஒரே பதில்.

பிற்பாடு படித்த ஒரு விஷயம் அப்போதே தெரிந்திருக்கலாமே என்று இன்றும் நினைப்பேன். இஸ்ரேலிய உளவியலாளர் இடாமர் காட்டி (Itamar Gati) என்பவர், 1996-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வேலையைத் தேர்ந்தெடுப்பதில் வரும் திணறலை மூன்றாகப் பிரிக்கிறார். முடிவெடுக்க மனம் இன்னும் தயாராகாதது ஒன்று. தகவல் போதாதது இன்னொன்று. தெரிந்த விஷயங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது மூன்றாவது. வீட்டில் ஒன்று சொல்ல, நம் மனசு வேறொன்று சொல்வதும் இதில்தான் வரும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

என் பிரச்சினை மூன்றாவது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா அரசு வேலை என்றார், எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. உண்மையில் எனக்கு இருந்தது இரண்டாவது. நான் யோசித்துக்கொண்டிருந்த வேலைகளில் ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. தாலுகா ஆபீஸுக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போனதோடு சரி.

சித்தப்பாவின் நண்பருக்குக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. சம்பளம் இல்லாமல் பத்து நாள் போய் நின்றேன். மூன்றாம் நாள், லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு பம்ப் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்தேன். 25 மி.மீ. விட்டம், 0.02 வரை குறையலாம். 24.985 காட்டியது. சரியாக இருக்கிறது என்று ஓரமாக வைத்தேன். மேஸ்திரி அண்ணன் பார்த்துவிட்டு, "சூட்டோட அளக்காதீங்க தம்பி, ஆறட்டும்" என்றார். ஆறியதும் அளந்தால் 24.975. ரிஜெக்ட். வெப்ப விரிவாக்கத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த ஷாஃப்ட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அப்புறம் உறவில் ஒரு அக்கா வி.ஏ.ஓ.வாக இருந்தார். அவரோடும் இரண்டு நாள் சுற்றினேன். பட்டா மாறுதல் மனு, அடங்கல், எல்லைத் தகராறு என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. எனக்கோ சாயங்காலம் தலை விண்விண் என்று தெறித்தது. இரண்டு வருட யோசனையில் கிடைக்காத பதில் இந்தப் பன்னிரண்டு நாளில் கிடைத்தது.

ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். எந்த வழி எப்போது மூடுகிறது என்று தேதி போட்டு எழுதிப் பாருங்கள். கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். வங்கி பி.ஓ. தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரை, சிவில் சர்வீஸுக்கு 32 வரை நேரம் இருக்கிறது. மற்ற பிரிவினருக்கு இன்னும் கூடுதல். ஒரு வருடம் கம்பெனிக்குப் போனால் எதுவும் மூடிவிடாது. நான் எழுதிப் பார்த்தபோது பாதி பயம் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டது.

மீதி பாதி, அப்பா. அவர் வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு எட்டு வயது. அரசு வேலை என்று அவர் சொன்னதெல்லாம் அந்த மில் கேட்டை நினைத்துத்தான் என்பது, அவரோடு உட்கார்ந்து பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருடம் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் நீங்கள் சொல்கிறபடி தேர்வுக்கு உட்காருகிறேன் என்றேன். சரி என்றார்.

வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன், 11,000 ரூபாய் சம்பளம். முதல் மாதம் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "பி.எஃப். பிடிக்கிறாங்களா?" சம்பளச் சீட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.