பதில்: காரவனோடு லண்டன், இரண்டு பிள்ளைகள், பழைய டீசல் கார்

வணக்கம் நண்பரே. காரவனை, அதாவது கார் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, எங்கே நிறுத்துவது, ஊருக்குள் காரிலேயே சுற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

காரில் சுற்ற வேண்டவே வேண்டாம். தென்கிழக்கில் ஆபி வுட் காரவன் முகாம் இருக்கிறது, அங்கே இடம் பிடியுங்கள். விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றே பாருங்கள். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். 2022-ல் எலிசபெத் லைன் என்ற ரயில் பாதை வந்தபிறகு அரை மணிக்குள் நகர நடுவிலுள்ள டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷன்; அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் பக்கம்தான், அனுமதி இலவசம். உங்கள் பிள்ளைகளுக்கு 7, 9 வயது என்றீர்கள். 11 வயதுக்குக் கீழே என்பதால் டிக்கெட் எடுத்த பெரியவரோடு வந்தால் எலிசபெத் லைனில் அவர்களுக்குக் கட்டணமே இல்லை.

கவனிக்க வேண்டியது யூலெஸ் (ULEZ), அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகரின் உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) அது உண்டு, முகாமும் அதற்குள்தான் வருகிறது. காரவனைப் பார்க்க மாட்டார்கள், இழுக்கும் காரைத்தான் பார்ப்பார்கள். டீசல் என்றால் யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் கணக்கு, ஆகவே இரவு 11 மணிக்கு நுழையாதீர்கள், ஒரு மணி நேரத்துக்காக முழுத் தொகை போகும். நிறுத்தியே வைத்திருக்கும் நாளுக்கு எதுவும் கிடையாது. புறப்படுமுன் வண்டி எண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பின் (TfL) தளத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளை கிரீனிச்சுக்கு ஒதுக்குங்கள், ஆபி வுட்டிலிருந்து நேர் ரயில் உண்டு. கட்டி சார்க் கப்பலைப் பார்த்துவிட்டுப் பூங்கா மேட்டில் ஏறினால் தேம்ஸ் நதி வளைவது தெரியும், பிள்ளைகள் ஓடியாடவும் நிறைய இடம்.