கத்திக்கு ஓர் ஊர், அதே ஊரில் ஒரு பானம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் பிரான்சின் கிளேர்மோன் ஃபெரானில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். டீமில் இருப்பவர்கள் பிறந்தநாளுக்கு ஒரு மடக்குக் கத்தி பரிசளித்தார்கள். கொடுத்த கையோடு "ஒரு காசு கொடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மலையில் பிக்னிக். எல்லோரும் தங்கள் கத்தியையும் அதற்கு ஏற்ற பானத்தையும் கொண்டுவர வேண்டுமாம். நீங்கள் குடிப்பதில்லை. கத்தியோடு வெளியே போனால் போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் வேறு. இவ்வளவுதானே கேட்டிருக்கிறீர்கள்? நான் 19 வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசு விஷயத்தில் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தியை இனாமாகக் கொடுத்தால் அது நட்பை வெட்டிவிடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அதனால் வாங்குகிறவர் ஒரு சின்ன நாணயம் கொடுப்பார், பரிசு விற்பனையாகிவிடும். எங்கள் வீட்டில் பாட்டி கத்தியைக் கைக்குக் கை தரவே மாட்டார், தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார். இரண்டும் ஒரே பயம்தான் என்று எனக்குத் தோன்றும். உங்கள் நட்பு நிலைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தக் காசைக் கேட்டிருக்கிறார்கள்.

அலகில் "லெ தியேர்" என்று பொறித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது உங்கள் ஊருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் தியேர் என்ற மலையூரின் கத்தி. துரோல் ஆற்றின் வேகத்தில் சக்கரம் சுற்றி, பல நூற்றாண்டுகளாகக் கத்தி தீட்டும் ஊர் அது. அந்தக் காலத்துத் தொழிலாளிகள் சாணைச் சக்கரத்துக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி வேலை செய்தார்கள். ஆற்றங்கரைக் குளிரில் காலுக்குச் சூடு வேண்டுமே, அதற்காகத் தங்கள் நாயைக் கால்மேல் படுக்கவைப்பார்கள். அங்கே இருக்கும் கத்தி அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் பார்க்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். 1990களில் அந்த ஊர்க் கத்திக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வடிவமைத்ததுதான் உங்கள் கையில் இருக்கும் கத்தி. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பொறித்துவிட முடியாது. உங்களுக்குத் தந்தவர்கள் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இனி பானம். இங்கே கத்தியும் பானமும் ஊரால் சேர்பவை. உங்கள் டீமில் யார் எந்தக் கத்தியை எடுக்கிறார் என்று பாருங்கள், அவர் பாட்டன் பாட்டி எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

யாராவது ஒருவர் கட்டாயம் லயோல் கத்தி கொண்டுவருவார். எழுத்தைப் பார்த்து "லாகியோல்" என்று படித்துவிடாதீர்கள், ஊர்க்காரர்கள் "லயோல்" என்றுதான் சொல்வார்கள். இங்கிருந்து தெற்கே, ஒப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் கிராமம் அது. அந்தக் கத்தி 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிறந்தது. வயிறு உப்பிய மாட்டுக்குக் காற்றை வெளியேற்ற, பிடிக்குள் மடங்கும் ஊசி ஒன்றைப் பிறகு சேர்த்தார்கள். அப்புறம் 1880 வாக்கில் ஒயின் பாட்டிலின் கார்க்கை எடுக்கும் திருகாணி வந்தது. அது வந்த காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒப்ராக்கிலும் நாம் இருக்கும் ஒவேர்ஞ் பகுதியிலும் பிழைப்பு இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் பாரிஸுக்குப் போனார்கள். தண்ணீர் சுமந்தார்கள், கரி விற்றார்கள், கரிக்கடையிலேயே ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் பாரிஸ் கஃபேக்களில் பாதிக்குமேல் தங்களுடையதோ என்று தோன்றும் அளவுக்கு வளர்ந்தார்கள். புகழ்பெற்ற லிப் உணவகத்தை 1920இல் வாங்கிய மார்செலின் காஸும் அந்த மண்ணிலிருந்து போனவர்தான். ஊரை விட்டுப் போனவர்களின் புதுத் தொழிலுக்காக ஊர்க் கத்தியே ஓர் உறுப்பைக் கூட்டிக்கொண்டது. முதன்முதலில் இதைக் கேட்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அதனால் லயோலுக்கு ஒயின்தான். அதிலும் பக்கத்து மார்சியாக் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயின். கொஞ்சம் கரடுமுரடான ருசி, ஒப்ராக் சீஸுக்கு நன்றாகப் பொருந்தும் என்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள். யாராவது தன் லயோலை உங்களிடம் கொடுத்தால், மடக்கும்போது ஸ்பிரிங்கின் வேகத்தில் "டப்" என்று விழவிடாதீர்கள். உள்ளே இடித்து அலகின் கூர் கெடும். விரலால் மெதுவாக அழைத்துப் போய்ப் படுக்கவையுங்கள். அதைப் பார்த்ததும் கத்திக்காரர் முகம் மலரும்.

ஒப்பினெல் வைத்திருப்பவர்தான் அதிகம் இருப்பார். ஆல்ப்ஸின் சவோய் மலைப் பக்கத்தில் 1890இல் ஜோசஃப் ஒப்பினெல் செய்த எளிய கத்தி, பீச் மரப் பிடி. 1955இல் கழுத்தில் ஒரு பூட்டு வளையம் சேர்ந்தது, மற்றபடி பெரிய மாற்றம் இல்லை. விவசாயி, மாணவன், ஓவியன் என்று எல்லோர் பையிலும் இருக்கும். இதற்குத் தங்க நிற பீர் பொருத்தம் என்பது என் கட்சி. சவோய்க்காரர்கள் தங்கள் ஊர் வெள்ளை ஒயினைச் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஆடம்பரம் இல்லாத கத்திக்கு ஆடம்பரம் இல்லாத பானம் என்பது போஃபோர் சீஸ் துண்டோடு ஒரு குளிர்ந்த பீரைப் பார்க்கும்போது புரியும். அலகால் பீர் மூடியை நெம்ப மட்டும் விடாதீர்கள், முனை போய்விடும்.

என் முதல் ஒப்பினெலை நான் பாத்திரங்களோடு தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். காலையில் மரம் உப்பி, அலகு பிடிக்குள் சிக்கி வரவே இல்லை. பரிசாக வந்த பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று முழுக்க வருத்தம். மாடி வீட்டுப் பெரியவர் வாங்கிப் பார்த்தார், பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார், அலகு தானாகத் தலை நீட்டியது. சவோய்க்காரன் தட்டு என்று அதற்குப் பெயரே உண்டு. உங்கள் கத்தியையும் ஈரத் துணியால் துடைத்து, உடனே காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், போதும். கார்பன் எஃகு அலகாக இருந்தால் எலுமிச்சை, தக்காளி பட்டுக் கறுக்கும். நறுக்கிய எலுமிச்சையில் இரும்பு வாடையும் வரும். உங்கள் கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை போடுவதானால் துருப்பிடிக்காத அலகுள்ள கத்தியைக் கேட்டு வாங்குங்கள்.

கோர்சிகாக்காரர் இருந்தால், மேய்ப்பர் கத்தியோடு பியெத்ரா என்ற பீர் வரும். செஸ்ட்நட் மாவு சேர்த்துக் காய்ச்சுவது, 1996 முதல் கிடைக்கிறது. வடமேற்கே பிரெத்தான் பக்கத்தவர் என்றால் ஆப்பிள் சீடர், அதாவது ஆப்பிளைப் புளிக்கவைத்த மது. ஒவேர்ஞ்க்காரர் மஞ்சள் நிறத்தில் கசப்பான ஒன்றை நீட்டுவார். அது ஜென்சியான் என்ற மலைச்செடியின் வேரை ஊறவைத்த மது. அந்தச் செடி முதல் பூ பூக்கவே 10 வருடம் ஆகும். நாம் நிலவேம்புக் கசாயத்தில் வளர்ந்தவர்கள், வாசனையிலேயே பிடிபட்டுவிடும்.

சரி, குடிக்காத நீங்கள் என்ன கொண்டுபோவது? இதற்கு இந்த மண்ணிலேயே நல்ல பதில் இருக்கிறது. ஒவேர்ஞ் எரிமலை நாடு, தண்ணீருக்குப் பேர்போனது. தியேருக்கு வடக்கே, பக்கத்திலேயே ஷாத்தெல்தோன் என்ற சின்ன ஊர். அங்கே ஊற்றிலிருந்தே குமிழோடு வரும் தண்ணீரைப் பதினான்காம் லூயி அரசருக்காக வெர்சாய்வரை கொண்டுபோனதாகச் சொல்வார்கள். தியேர் கத்திக்கு ஷாத்தெல்தோன் தண்ணீர். ஒயினுக்கு மாற்றாக ஏதோ ஒன்று என்று யாரும் நினைக்க முடியாத ஜோடி அது. இரண்டு பாட்டில் நன்றாகக் குளிரவைத்து எடுத்துப்போங்கள், மற்றவர்களும் கேட்பார்கள். "ஏன் குடிப்பதில்லை" என்று யாராவது கேட்டால் "எனக்கு வேண்டாம், நன்றி" என்றால் போதும், விளக்கம் சொல்லத் தேவையில்லை. கோப்பையை முட்டும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்து முட்டுங்கள், அதுதான் இங்கே மரியாதை. ஆபீஸ் மேசையிலும் இதே கதைதான். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் வேலையிடத்தில் ஒயின், பீர், ஆப்பிள் சீடர், பேரிக்காய் சீடர் தவிர மற்ற மதுவைத் தடுக்கிறது, அதனால் விருந்தென்றால் இவை வரும். உங்கள் பங்கு தண்ணீராக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. காரை ஓட்டவும் ஆள் வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் எல்லை, புது உரிமம் உள்ளவர்களுக்கு 0.2 தான்.

போலீஸ் விஷயத்தை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தியை வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் நியாயமான காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம், எவ்வளவு சின்ன மடக்குக் கத்தியானாலும். ரொட்டியும் சீஸும் இருக்கிற பையின் அடியில், மடக்கி, துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோவது காரணம். சனிக்கிழமை இரவு டவுனில் பாருக்குப் போகும்போது பேன்ட் பையில் இருந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் எதிரே நிற்கும் அதிகாரியின் முடிவு. திரும்பிவரும் வழியில் நண்பர்கள் டவுனில் இறங்கலாம் என்றால், முதலில் வீட்டுக்குப் போய்க் கத்தியை வைத்துவிட்டுப் போங்கள். ஊருக்கு விமானத்தில் போகும்போது செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று. இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளில், வீட்டுப் பெரியவர் தன் கத்தியை மடக்கிப் பையில் வைத்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். இப்போதும் சில வயதானவர்கள் அதைப் பார்ப்பார்கள். டீமில் மூத்தவர் கத்தி திறந்திருக்கும்வரை உங்களுடையதும் திறந்தே இருக்கட்டும், ரொட்டியை இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.