எண்ணூறு காம்புகளா, நாற்பது தொழுவங்களா? கறவை மாட்டு நோய்ப் புள்ளியியல்: கேள்வி பதில்

கறவை மாடுகளுக்கு எதனால் நோய் வருகிறது, எந்த மாட்டுக்கு ஆபத்து அதிகம் என்பதை எண்களால் ஆராய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மடிநோய் பற்றியே அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். மாடு வளர்ப்பவருக்கு அதில் வியப்பு இருக்காது.

முதுகலை மாணவி: ஐயா, 40 தொழுவங்களில் 200 மாடுகளைப் பார்த்தேன். நான்கு குழித் தட்டில் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை (மருந்து கலந்ததும் நோயுள்ள காம்பின் பால் கூழாகத் திரளும்) செய்து, 800 காம்புகளின் முடிவுகளை வைத்திருக்கிறேன். மண் தரைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) மிகமிகச் சிறியதாக வருகிறது. மகிழலாமா?

சற்றுப் பொறுங்கள், அம்மா. அந்த 800 காம்புகளும் 800 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரு மாட்டின் நான்கு காம்புகளும் ஒரே சாணத்தின் மேல் படுத்து எழுகின்றன; ஒரே கை கறக்கிறது. ஒரு காம்பின் பால் தட்டில் கூழாகத் திரண்டால், பக்கத்துக் காம்பிலும் திரளும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மாட்டின் காம்புகளுக்கு இடையிலான இந்த ஒற்றுமையை உதாரணத்துக்கு 0.3 என்று கொள்ளுங்கள். மாட்டுக்கு நான்கு காம்பு என்பதால் தரவைச் சுருக்கும் எண் 1 + (4 − 1) × 0.3 = 1.9. எண்ணூறை 1.9ஆல் வகுத்தால் சுமார் 421. பாதித் தரவு அங்கேயே கரைந்துவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். ஒரு தொழுவத்தில் கறவைக்காரர் ஒரே ஈரத் துணியால் ஐந்து மாடுகளின் மடியையும் துடைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் மாட்டின் கிருமி ஐந்தாவது மாட்டுக்குப் போக அந்தத் துணியே போதும். ஆகவே மாடுகளும் தனித்தனி அல்ல. அதிலும் தரை என்பது தொழுவத்துக்குத் தொழுவம் மாறுவது. ஒரே தொழுவத்துக்குள் மாறுவதில்லை. தரையைப் பற்றிப் பேச உங்களிடம் இருப்பவை 40 சாட்சிகள்தான்.

என்ன செய்யலாம்? பல நிலை லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு மாதிரியை, அதாவது காம்பு, மாடு, தொழுவம் என அடுக்கடுக்காக நோயின் வாய்ப்பைக் கணக்கிடும் முறையைப் பயன்படுத்துங்கள். தொழுவத்தையும் மாட்டையும் சமவாய்ப்பு விளைவுகளாக (ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஏற்ற இறக்கம் உண்டு என்று) சேருங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இது சில வரி வேலைதான். பி மதிப்பு பெரிதாகும், நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) அகலும். ஆய்வு வழிகாட்டியின் முகம் வாடலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

இன்னொரு மாணவர்: மாதிரி அளவு (ஆய்வுக்கு எடுக்கும் மாடுகளின் எண்ணிக்கை) 384 என்றால் போதும்தானே?

இந்த 384ஐத் தாயத்துபோல ஆய்வேட்டுக்கு ஆய்வேடு கட்டிவிடுகிறார்கள். பரவல் (நோயுள்ள மாடுகளின் பங்கு) 50 சதவீதம், பிழை 5 சதவீதம், மாடுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். மூன்றாவது நிபந்தனை பொய் என்பதை மேலே பார்த்தோம்.

கால்நடை உதவி மருத்துவர்: ஒரு கட்டுரையில் மண் தரைக்கு ஆட்ஸ் விகிதம் 3.5 என்று இருக்கிறது. மூன்றரை மடங்கு ஆபத்து என்று விவசாயிகளிடம் சொல்லலாமா?

வேண்டாம். மண் தரையில் நூற்றுக்கு 60 மாடுகளுக்கும், சிமென்ட் தரையில் நூற்றுக்கு 30 மாடுகளுக்கும் அறிகுறி தெரியாத மடிநோய் இருப்பதாகக் கொள்வோம். ஆபத்து இரண்டு மடங்கு, யாருக்கும் புரியும். ஆட்ஸ் என்பது நோயுள்ளவற்றை நோயில்லாதவற்றால் வகுப்பது: 60/40, 30/70. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.5. இரண்டு கணக்கும் சரி, ஆனால் ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டக் கூடாது. நூற்றில் ஒன்றிரண்டு மாடுகளுக்கு வரும் நோயென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மடிநோய் அப்படி அரிதானதா என்ன?

பால் பண்ணையாளர்: நிறையக் கறக்கும் மாட்டுக்குத்தான் மடிநோய் வருகிறது என்பது என் அனுபவம். ஆய்வுக்கு வந்த தம்பியோ, அதிகம் கறக்கும் மாட்டுக்கு ஆபத்து குறைவு என்று கணக்குக் காட்டுகிறார். யார் சொல்வது சரி?

உங்கள் பக்கம்தான் நிற்பேன். அவர் பாலையும் நோயையும் ஒரே நாளில் அளந்திருப்பார். நோய் வந்த மடி பாலைக் குறைத்துவிட்டது. கணினிக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. போன ஈற்றின் கறவை அளவை எடுத்துக்கொண்டால் சிக்கல் பெருமளவு தீரும். ஈற்று எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். மூன்று, நான்கு ஈற்று கண்ட மாடு தலைச்சன் ஈற்று மாட்டைவிட அதிகம் கறக்கும். அதற்கு மடிநோயும் அதிகம் வரும். ஒரே ஈற்றில் உள்ள மாடுகளை ஒப்பிட்ட பிறகே பாலின் மேல் பழி போடலாம்.

மருந்தகப் பணியாளர்: எங்கள் ஏட்டில் மடிநோய்க்கு வந்தவற்றில் முக்கால்வாசி கலப்பின மாடுகள்.

உங்கள் ஊரில் உள்ள மாடுகளிலேயே முக்கால்வாசி கலப்பினமாக இருந்தால்? வகுக்கும் எண், அதாவது ஊரில் மொத்தம் எத்தனை கலப்பின மாடுகள் என்ற கணக்கு, இல்லாமல் ஆபத்து பற்றிப் பேச வழியில்லை.

ஆய்வக அலுவலர்: ரோஸ் பெங்கால் என்ற இரத்தச் சோதனையில் 1000 மாடுகளில் 120க்குக் கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) என்று வந்தது. பரவல் 12 சதவீதம் என எழுதிவிட்டேன்.

சோதனை எவ்வளவு தவறும் என்பதைச் சேர்க்கவில்லையே. நோயுள்ள மாட்டை 90 சதவீதமும், நோயற்ற மாட்டை 95 சதவீதமும் அது சரியாகச் சொல்லும் என்று கொள்வோம். 0.12 + 0.95 − 1 = 0.07. இதை 0.90 + 0.95 − 1 = 0.85ஆல் வகுத்தால் 8.2 சதவீதம். அதாவது உங்கள் 120இல் ஏறக்குறைய 46 மாடுகள் நோயே இல்லாதவை. புள்ளியியலாளர்கள் ரோகனும் கிளேடனும் 1978இல் தந்த வழி இது. இரண்டு சோதனைகள் கைவசம் இருந்து, எதையும் முழுக்க நம்ப முடியாதபோது, ஹுய், வால்டர் 1980இல் வகுத்த முறையைப் பாருங்கள்.

தடுப்பூசியையும் விசாரியுங்கள். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான ஊசி போடுகிறார்கள். ஊசி தந்த எதிர்ப்புப் பொருளும் சில மாடுகளில் சோதனையை ஏமாற்றக்கூடும்.

ஆராய்ச்சி மாணவர்: கன்று ஈன்ற நாளிலிருந்து 300 நாள் பின்தொடர்ந்தேன். பல மாடுகளை இடையில் விற்றுவிட்டார்கள். அவற்றை நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். நூறாவது நாள் விற்ற மாடு, நூறு நாள் நோயின்றி இருந்தது என்ற செய்தியைத் தந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. கப்லான், மெயர் 1958இல் தந்த வளைகோடும், காக்ஸ் 1972இல் தந்த மாதிரியும் அந்த நூறு நாளை வீணாக்காமல் கணக்கில் சேர்க்கின்றன.

ஆனால் ஏன் விற்றார்கள்? மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டு விற்றது வேறு. பால் தண்ணீராக இறங்கத் தொடங்கியதும், மருத்துவர் வருவதற்குள் சந்தைக்கு ஓட்டிவிட்டது வேறு. இரண்டாவதை முதலாவதைப்போல் நடத்தினால் நோய் குறைவாகத் தெரியும். அடுத்த முறை போகும்போது குறிப்பேட்டில் விற்ற தேதிக்குப் பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். கறக்கும் அம்மாவிடமும் கேளுங்கள்.