ஆலோசனை அறைக்குள் நாமாக இருப்பது: கேள்வி பதில்

தெரபிஸ்ட் (பேச்சின் வழியாக மனநல சிகிச்சை தருபவர்) வேலையில் எந்த அளவுக்கு நாமாக இருக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பயிற்சியில் இருப்பவர்கள், அனுபவம் உள்ளவர்கள், தெரபிக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: மேடம், நான் பயிற்சியில் இருக்கிறேன். செஷனில் உட்கார்ந்ததும் என் குரலே மாறிவிடுகிறது. பாடப்புத்தகம் பேசுவது போல எனக்கே கேட்கிறது. இது நடிப்பா?

பதில்: பெரும்பாலும் பயம்தான். எதிரே இருப்பவரைக் கவனிப்பதை விட்டு, ‘நான் சரியாகச் செய்கிறேனா’ என்று நம்மையே கவனித்துக்கொண்டிருந்தால் குரல் அப்படித்தான் ஆகும். போகப்போகச் சரியாகும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில், தெரபியில் ஒருவர் மாறுவதற்கு ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். தெரபிஸ்ட் அந்த உறவுக்குள் முகமூடி இல்லாமல், உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது அதில் ஒன்று. அந்த உறவுக்குள், அந்த நேரத்துக்குள் இருந்தால் போதும் என்றுதான் சொன்னார். வாழ்க்கையின் எல்லாப் பக்கத்திலும் முழுமையான மனிதராக இருக்கச் சொல்லவில்லை. இது தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

ஒன்று செய்து பாருங்கள். வகுப்பில் கற்ற வாக்கியங்களை உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘நீங்கள் புறக்கணிக்கப்பட்டதாக உணர்வது எனக்குப் புரிகிறது’ என்று நீங்கள் யாரிடமும் பேச மாட்டீர்கள் என்றால் இங்கேயும் பேச வேண்டாம். ‘யாருமே கண்டுக்கலைன்னு ஆயிடுச்சு இல்லையா?’ என்று கேளுங்கள். கருத்து அதேதான், ஆனால் இப்போது பேசுவது நீங்கள்.

கேள்வி: ‘உங்களுக்கு டிப்ரெஷன் வந்ததுண்டா?’ என்று ஒரு கிளையண்ட் நேராகக் கேட்டார். எனக்கு வந்திருக்கிறது. பேச்சை மாற்றிவிட்டேன். சொல்லியிருக்கலாமா?

பதில்: சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். பேச்சை மாற்றியதுதான் இடறுகிறது. அவர் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். ஏதோ மறைக்கப்பட்டது என்பது மட்டும் அவர் மனதில் நின்றிருக்கும்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நேரம் அவர் உங்கள் வரலாற்றைக் கேட்பதில்லை. ‘நான் சொல்வது உங்களுக்குப் புரியுமா, இதிலிருந்து வெளியே வர முடியுமா’ என்றுதான் கேட்கிறார். அதற்காக ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று மட்டும் திருப்பிக் கேட்டால் போலீஸ் விசாரணை போல ஆகிவிடும். ‘கேட்டதில் தப்பே இல்லை. என்னால் உங்களைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற சந்தேகம் இருக்கிறதா?’ என்று கேட்கலாம்.

அப்புறம் உங்கள் பக்கம். அந்தக் காலம் உங்களுக்குள் ஆறிவிட்டதா? இன்னும் பச்சைப் புண்ணாக இருந்தால் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்போது உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலை அவருக்கு வந்துவிடக் கூடாது. சொல்வதென்றால் இரண்டு வாக்கியம் போதும்: ‘ஆமாம், எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது, சிகிச்சை எடுத்தேன். இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ மறுபடி அவர் பக்கம் வந்துவிட வேண்டும். சொல்ல விருப்பம் இல்லையா, அதையும் நேராகச் சொல்லலாம்: ‘என் சொந்த விஷயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியை மட்டும் விட்டுவிட மாட்டேன்.’ இதில் பொய் இல்லை, மழுப்பலும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். ரகசியம் காக்கும் கடமை நமக்கு மட்டும்தான். நீங்கள் சொன்னதை அவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அது அவர் உரிமை. ஊர் முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற விஷயத்தை மட்டுமே சொல்லுங்கள்.

கேள்வி: உண்மையாக இருப்பதுதான் முக்கியம் என்றால், மனதில் தோன்றுவதை எல்லாம் சொல்லிவிடலாமே? எங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் சூப்பர்வைசரோ கண்ணாடி மாதிரி இரு என்கிறார்.

பதில்: இரண்டு எல்லைகளையும் முன்பே தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் நோயாளிக்குக் கண்ணாடி போல இருக்க வேண்டும், அவர் காட்டுவதைத் தவிர வேறெதையும் காட்டக் கூடாது என்று 1912-ல் எழுதியவர் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட். ஆனால் அவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பசியோடு வந்த நோயாளி ஒருவருக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார். அது அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. மறுபக்கம், அவரோடு நெருங்கி வேலை செய்த சாண்டோர் ஃபெரென்சி. நோயாளி ஒருவர் வற்புறுத்தியதால், இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் பகுப்பாய்வு செய்யும் முறையை முயன்றார். அதைப் பற்றி 1932-ல் அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. தெரபிஸ்ட் மனதைத் திறந்து கொட்டினால் மற்ற நோயாளிகளின் ரகசியங்களும் கூடவே வந்துவிடுமே என்பது அதில் எழுந்த சிக்கல்களில் ஒன்று. கடைசியில் கைவிட்டார். இருந்தாலும் அந்த முயற்சியின் மேல் எனக்கு மரியாதை உண்டு, நோயாளியிடம் பாசாங்கு கூடாது என்ற தவிப்பில் செய்தது அது.

நான் பின்பற்றுவது இதுதான்: தோன்றுவதை எல்லாம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்வது எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது. எதைச் சொல்லலாம் என்று தயங்கும்போது, இது யாருக்காக என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: செஷனில் என் கண் கலங்கிவிட்டது. தப்பா அக்கா?

பதில்: தப்பில்லை. துடைத்துக்கொண்டு, ‘நீங்கள் சொன்னது என்னைத் தொட்டது, நான் சரியாகத்தான் இருக்கிறேன், தொடருங்கள்’ என்று சொல்லுங்கள். அழுகை நிற்கவில்லை என்றாலோ, அது உங்கள் சொந்தக் கதைக்கான அழுகை என்றாலோ சூப்பர்விஷனுக்கு, அதாவது சூப்பர்வைசரோடு உங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நேரத்துக்கு, எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஒரு கிளையண்டைப் பிடிக்கவே இல்லை. அவர் வரும் நாள் காலையிலேயே சலிப்பு வந்துவிடுகிறது. முகத்தில் மட்டும் சிரிப்பு. இந்த நிலையில் நான் எப்படி உண்மையானவர் ஆவேன்?

பதில்: இதைக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். பலர் தங்களுக்குள்ளேயே இதை ஒத்துக்கொள்வதில்லை. பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட் 1949-ல் வெளியான கட்டுரையில் வெறுப்பு என்ற சொல்லையே பயன்படுத்தினார். எவ்வளவு அன்பு இருந்தாலும் நோயாளி மேல் வெறுப்பும் பயமும் வரும், அதை நன்றாக அறிந்துவைத்திருப்பவரின் செயலை அந்த வெறுப்பு நடத்தாது என்பது அவர் வாதம். மறு ஆண்டே இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன், தெரபிஸ்டுக்குள் எழும் உணர்ச்சி நோயாளியைப் புரிந்துகொள்ள முக்கியமான கருவி என்று எழுதினார்.

முதலில் சலிப்பு உங்களுடையதா என்று பாருங்கள். தூக்கம் இல்லையா, அன்று அது எத்தனையாவது செஷன், அவர் உங்களுக்கு வேறு யாரையாவது நினைவுபடுத்துகிறாரா? இதெல்லாம் இல்லை என்றால், அவரோடு பழகும் மற்றவர்களுக்கும் இதே சலிப்பு வரக்கூடும். எதையும் உணராமல், நடந்ததை மட்டும் பட்டியல் போட்டுக்கொண்டே போகிறவர் எதிரில் உட்கார்ந்தால் தூக்கம் வருவது சகஜம். அப்போது ‘நீங்கள் போரடிக்கிறீர்கள்’ என்று சொல்வதில் எந்த நேர்மையும் இல்லை, அது அடி. ‘நீங்கள் நிறைய விவரம் சொல்கிறீர்கள், ஆனால் கொஞ்ச நேரமாக உங்களை விட்டு நான் தள்ளிப்போனது போல இருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குள் இருப்பதையும் சொல்லியாயிற்று, அவருக்கும் பயன்படுகிறது.

சூப்பர்விஷனில் பேசியும் பல வாரம் மாறவில்லை என்றால் வேறு ஒருவரிடம் அனுப்பலாம். அவரைக் குற்றம் சொல்லாமல், அங்கே முதல் செஷன் உறுதியான பிறகு.

கேள்வி: ‘காசுக்காகத்தானே நான் சொல்வதைக் கேட்கிறீர்கள்’ என்று ஒரு கிளையண்ட் கோபமாகச் சொன்னார். வாயடைத்துப் போனேன்.

பதில்: அதில் உண்மை இருக்கிறது, மறுக்காதீர்கள். ‘கட்டணம் வாங்குகிறேன், அது என் நேரத்துக்கும் வேலைக்கும். உங்கள் மேல் எனக்கு வந்த அக்கறை அதில் சேராது’ என்று சொல்லலாம், அக்கறை நிஜமாக இருந்தால். அப்புறம், இன்றைக்கு ஏன் இந்தக் கோபம் என்று மெல்லக் கேளுங்கள். போன வாரம் மணி முடிந்ததும் அழுதுகொண்டிருந்தவரை எழுப்பி அனுப்பினீர்களா? உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரானும் கிறிஸ்டஃபர் முரானும் தெரபிஸ்ட், கிளையண்ட் உறவில் வரும் இப்படிப்பட்ட விரிசல்களைப் பற்றித்தான் நிறைய ஆராய்ந்தார்கள். விரிசலை இருவரும் சேர்ந்து பேசிச் சரிசெய்வதே தெரபியின் முக்கியமான பகுதி என்பதை அவர்கள் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கு முடிப்பது இரக்கமில்லாத செயல் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 50 நிமிடம் என்று சொன்னால் 50 நிமிடம். சொன்னபடி நடக்கிற ஒரு ஆள் பலருக்கு வாழ்க்கையில் இதுவரை கிடைத்ததே இல்லை.

கேள்வி: பரிசு, அணைப்பு, தெரபி முடிந்தபின் நட்பு?

பதில்: சின்னப் பரிசை வாங்கலாம், அதன் அர்த்தத்தைப் பேசிவிட்டு. அணைப்பு அவர் கேட்டால், அரிதாக, உங்களுக்கும் இயல்பாக இருந்தால். எல்லையைக் கொஞ்சம் தாண்டுவது வேறு, எல்லையை மீறித் தீங்கு செய்வது வேறு என்று மனநல மருத்துவர்கள் தாமஸ் குத்தைலும் க்ளென் கபார்டும் 1993-ல் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் பாலுறவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, தெரபி முடிந்தும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குத் தடை விதிக்கிறது, அதன் பிறகும் மிக அரிதான சூழலில்தான் அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் எப்போதுமே வேண்டாம்.

கேள்வி: நான் தெரபிக்குப் போகிறவன். என் தெரபிஸ்ட் உண்மையானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அவர் என்ன படித்தார், எந்த முறையில் வேலை செய்கிறார், சூப்பர்விஷன் உண்டா என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். பயிற்சியில் இருப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மறைத்தால் நீங்கள் கொடுத்த சம்மதமே அரைகுறையானது.

ரகசியத்தின் எல்லையையும் கேளுங்கள். ‘எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முழு வாக்குறுதி கொடுப்பவர் உங்களிடம் சரியாகச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் அந்த எல்லை தளர்கிறது. மற்றொருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காக்க நடவடிக்கை எடுக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-ல் தாரசாஃப் வழக்கில் சொன்னது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்குப் பொருந்துவது எது என்று முதல் செஷனிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட, ‘போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறாரா, என்ன வலித்தது என்று கேட்கிறாரா என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

கேள்வி: நாளின் கடைசி செஷன்களில் அக்கறையை வரவழைத்துத்தான் காட்டுகிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

பதில்: உள்ளே இல்லாத உணர்ச்சியை வேலைக்காக முகத்தில் காட்டுவதை சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-லேயே விமான ஊழியர்களை வைத்து விரிவாக எழுதினார். அது ஆளைத் தேய்க்கும். மனதை இன்னும் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அட்டவணையைத் திறந்து செஷன் எண்ணிக்கையைக் குறையுங்கள். வருமானம் இடிக்கும், தெரியும். முடியாவிட்டால், இரண்டு செஷனுக்கு நடுவே கால் மணி நேரமாவது விடுங்கள். கனமான கேஸ்களை ஒரே நாளில் அடுக்காதீர்கள். இந்த வெறுமை விடுமுறை எடுத்த பிறகும் தொடர்ந்தால் நீங்களே ஒரு தெரபிஸ்டைப் பாருங்கள். இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.