கர்ப்பப்பை பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் குழந்தை பிறக்குமா?

பல பெண்களுக்குப் பிறக்கிறது. ஆனால் எந்த வகைப் பிரிவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாயின் வயிற்றில் பெண் சிசு வளரும்போது, அதன் கர்ப்பப்பை இரண்டு மெல்லிய குழாய்களாகத்தான் தொடங்குகிறது. அவை ஒன்றோடொன்று இணைகின்றன. பிறகு நடுச்சுவர் கரைந்துபோகிறது. அடுத்தடுத்த இரண்டு அறைகளைச் சேர்த்து, இடைச்சுவரை இடித்து ஒரே கூடமாக்குவது போல. அறைகள் முழுதாகச் சேராவிட்டால் அது இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை. சேர்ந்தும் சுவர் நின்றுவிட்டால் தடுப்புள்ள கர்ப்பப்பை.

தடுப்பு இருந்தால் கருச்சிதைவு அபாயம் அதிகம். அதில் ரத்த ஓட்டம் போதாததால் அங்கே ஒட்டும் கரு வளரச் சிரமப்படுகிறது என்று கருதப்படுகிறது. இரட்டைக் கொம்பில் இடநெருக்கடிதான் சிக்கல்: குழந்தையின் தலை கீழே திரும்பாமல் போகலாம், மாதம் நிறையுமுன் வலி வரலாம். சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். முப்பரிமாண ஸ்கேன் கர்ப்பப்பையின் மேற்புற வடிவத்தையும் காட்டிவிடும். சிறுநீரகங்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிலருக்கு அவற்றில் ஒன்று இருக்காது.

படி ஏறியதால், பப்பாளி தின்றதால் கரு கலைந்தது என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறார்கள். தவறு, இந்த அமைப்பு அவள் பிறப்பதற்கு முன்பே உருவானது.